கோப்பு மாறினால் பதிகம் மாறுமா?

ஒலிக்கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மென்பொருள் இரண்டே வேலைகளைச் செய்கிறது. முதலில் பழைய கோப்பைப் பிரித்து, அதிலுள்ள ஒலியை எண்களின் நீண்ட வரிசையாக விரிக்கிறது. பிறகு அந்த எண்களைப் புதிய வடிவத்தின் விதிப்படி மறுபடி கட்டுகிறது. வேவ், ஃப்ளாக் போன்ற வடிவங்களில் கட்டினால் ஓர் எண்கூடக் குறைவதில்லை. எம்பி3, ஏஏசி, வோர்பிஸ் போன்றவற்றில் கட்டும்போது பெரும்பகுதி வேண்டுமென்றே கைவிடப்படுகிறது. கைவிட்டது திரும்ப வராது. கட்டப்படுவது சினிமாப் பாட்டு என்றால் இது கேட்பவரின் ரசனையோடு முடிந்துபோகும் விஷயம். தேவாரப் பதிகமோ, கவசமோ, மந்திரமோ என்றால் கேள்வி வேறாகிறது. குறைந்துபோன கோப்பிலிருந்து ஒலிப்பது அதே பதிகம்தானா? கேட்பதன் பலன் குறையுமா? ஓதுவதற்கும் ஒலிக்கவிடுவதற்கும் நடுவிலுள்ள தூரத்தைத் தரமான கோப்பு சுருக்கிவிடுமா?

ஜொகூர்த் தமிழரிடையே இந்தக் கேள்விகள் எழ அவர்களுடைய அன்றாடமே காரணம். 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தை விடியுமுன்பே கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். பூசையறையில் உட்கார்ந்து கவசம் படிக்க வேண்டிய நேரம் குடிநுழைவு வரிசையிலும் பேருந்திலும் கழிகிறது. கவசம் காதுக்குழாய் வழியாக வருகிறது. கூலாய், குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பெட்டி நிறையக் கேசட்டுகளையும் கொண்டுவந்தன. சூலமங்கலம் சகோதரிகள், டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன் ஆகியோரின் பக்திப் பாடல்கள், தருமபுரம் ப. சுவாமிநாதனின் தேவாரப் பதிவுகள், நாகூர் ஹனிபாவின் இஸ்லாமியப் பாடல்கள் எல்லாம் இசைத்தட்டு, கேசட், குறுந்தட்டு எனப் பிறவி மாறி, இன்று கைப்பேசியிலும் காரில் செருகிய பென்டிரைவிலும் கோப்புகளாக இருக்கின்றன. பக்கத்து வீட்டுச் சீனப் பௌத்தர் வீட்டில் அமிதாப புத்தரின் பெயரை ஓயாமல் ஒலிக்கும் சிறு பெட்டி இருக்கும். அதே போன்ற பெட்டியில் காயத்திரியும் ஐந்தெழுத்தும் வந்துவிட்டன.

எதை இழக்கிறோம் என்பது தெரியாமல் இழப்பைப் பற்றித் தத்துவம் பேச முடியாது. குறுந்தட்டு ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட் வரும். ஐந்து நிமிடப் பதிகம் ஏறக்குறைய 53 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். 1998இல் விற்பனைக்கு வந்த ரியோ என்ற கையடக்கக் கருவியின் மொத்தக் கொள்ளளவே 32 மெகாபைட்தான். அந்தப் பதிகத்தை நொடிக்கு 128 கிலோபிட் அளவில் எம்பி3 ஆக்கினால் ஐந்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பதினொன்றில் பத்துப் பங்கு போயிற்று.

போன பத்துப் பங்கு எது என்பதில்தான் சுவாரசியம். ஜெர்மனியின் ஃப்ரவுன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் உழைத்து உருவாக்கி, 1993இல் பன்னாட்டுத் தரமாக வெளிவந்த இந்த முறை, பாட்டை ஆராய்வதைவிடக் காதை அதிகம் ஆராய்ந்தது. உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது, அதன் சுருதியை ஒட்டி வரும் மெல்லிய ஒலியைக் காது கவனிப்பதில்லை. பேரொலிக்குப் பின்னும், மிகச் சிறிது நேரம் முன்னும், வரும் சிற்றொலியும் மறைந்துவிடுகிறது. மனிதக் காது எப்படியும் விட்டுவிடப் போவதை எம்பி3 முன்கூட்டியே விட்டுவிடுகிறது. ஆகவே கேட்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் மனிதர் என்ற துணிபு அந்த வடிவத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. காற்றில் என்ன நடந்தது என்பதற்குக் குறுந்தட்டு சாட்சி. காதில் என்ன விழுந்தது என்பதற்கு எம்பி3 சாட்சி.

இந்தத் துணிபு சில இடங்களில் சறுக்கும். ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித்தான் மாற்றி கணக்கிடுகிறது. ஒரு துண்டின் நடுவில் திடீரென்று கூரிய அடி விழுந்தால், கணக்கின் பிழை துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்னதாகவே ஒரு சலசலப்பாகக் கேட்கும். பஜனையின் ஜால்ராவுக்கும் தாளத்துக்கும் நேரும் கதி இது. 128 கிலோபிட்டில் பல மாற்றிகள் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை முற்றிலும் வெட்டிவிடுகின்றன. எம்பி3ஐ மறுபடி ஏஏசியாக மாற்றினால் முதல் இழப்பின் மேல் இரண்டாம் இழப்பு சேரும். எம்பி3ஐ ஃப்ளாக் ஆக்கிவிட்டுத் தரம் கூடியதாக மகிழ்பவர்களும் உண்டு. கூடியது கோப்பின் பருமன் மட்டுமே.

ஒலிக்கு நிலைபேறு உண்டா என்ற வழக்கு இந்தியத் தத்துவத்தின் மிகப் பழைய வழக்குகளில் ஒன்று. தமிழில் மணிமேகலையின் 29ஆம் காதையில், அறவண அடிகள் அளவை நூலைக் கற்பிக்கும்போது, ஒலி அழியக்கூடியது என்பதையே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டாகக் கையாளுகிறார். வேதத்தின் நித்தியத்தை மறுக்க நீலகேசி ஒரு சருக்கத்தையே ஒதுக்கியது. இந்த வழக்கில் நின்ற தரப்புகள் ஒவ்வொன்றும் ஒலிக்கோப்பைப் பற்றி வெவ்வேறு தீர்ப்புச் சொல்லும். கோப்பு என்ற ஒன்றையே அறியாதவர்கள் வகுத்த கொள்கைகள் இவ்வளவு நேராக அதன்மேல் வந்து பொருந்துவது வியப்புத்தான்.

மீமாம்சகருக்குச் சொல் நித்தியமானது. வாயும் காற்றும் அதைப் பிறப்பிப்பதில்லை; மறைந்திருந்ததை வெளிக்காட்ட மட்டும் செய்கின்றன. அதற்கு அவர்கள் தரும் முதன்மைச் சான்று, நேற்றுக் கேட்ட ககரமும் இன்று கேட்கும் ககரமும் ஒன்றே என்று எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வது. இந்தத் தரப்பில் நிற்பவருக்கு வடிவ மாற்றம் ஒரு பொருட்டே இல்லை. கேட்பவர் அடையாளம் காணும்வரை வெளிப்பட்டது அதுவேதான். எம்பி3 உருவாக்கியவர்களும் தங்கள் வேலையை இதே உரைகல்லில்தான் சோதித்தார்கள்: மூலத்தையும் சுருக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்து, வேறுபாடு தெரிகிறதா என்று பார்த்தார்கள்.

நியாய வைசேடிகர் இதற்கு எதிர். ஒலி உண்டாக்கப்படுவது, உண்டாக்கப்படுவதால் குடத்தைப் போல அழிவது. ஒரே ஒலி என்று தோன்றுவது இனம் ஒன்றாக இருப்பதால்தான். ஒலி செவிக்கு வரும் வழியையும் அவர்கள் விளக்கினார்கள். குளத்தில் அலை அலையை எழுப்புவது போல, பிறந்த ஒலி அடுத்த ஒலியைப் பிறப்பித்துவிட்டு மடிகிறது. அது இன்னொன்றைப் பிறப்பிக்கிறது. வரிசையின் கடைசி ஒலியே காதில் படுகிறது. இதை ஏற்றால் பதிவு பற்றிய கவலை பாதி கரைந்துவிடும். சந்நிதியில் ஓதுவாருக்கு எதிரே நிற்பவர் கேட்பதும் ஓதுவார் வாயில் பிறந்த ஒலியன்று, அதன் வழித்தோன்றலே. ஒலிவாங்கி, கேசட், கோப்பு, காதுக்குழாய் என்று வரிசை நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். மூலம் என்றும் நகல் என்றும் பிரித்து, நகலை மட்டும் இழிவாகப் பேச நியாயத்தில் இடமில்லை.

மூன்றாம் தரப்பு பர்த்ருஹரியுடையது. பொருள் தரும் சொல்லை வெளிப்படுத்தும் முதன்மை ஒலி ஒன்று; அதைத் தொடர்ந்து வரும் வேகம், நீட்சி போன்ற வேறுபாடுகளைச் சுமக்கும் வழிநிலை ஒலி இன்னொன்று என்று அவர் பிரித்தார். விரைவாகச் சொன்னாலும் மெல்லச் சொன்னாலும் சொல் அதுவே. இதற்குக் கோப்பு மாற்றத்திலேயே ஒரு சோதனை உண்டு. நொடிக்கு 48,000 அளவுகளில் பதிவான கோப்பை, அளவு வீதத்தைச் சரிசெய்யாமல் 44,100 என்று கருதி ஒலிக்கவிட்டால், பாட்டு எட்டு விழுக்காட்டுக்கு மேல் மெதுவாகும். சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். பேட்டரி தளர்ந்த கேசட் கருவியில் எல்லாரும் கேட்டறிந்த விபத்துத்தான். பாடுபவரின் குரல் அடையாளமே மாறிப்போகும். ஆனால் சுரங்களின் இடைவெளிகள் தமக்குள் மாறாததால் பண் அப்படியே இருக்கும், சொல்லும் அப்படியே இருக்கும். ஓர் எண்ணும் இழக்காமல் இவ்வளவு மாறலாம். பத்துப் பங்கை இழந்தும் மாறாததுபோலக் கேட்கலாம். ஆக, இழந்த பிட்களின் எண்ணிக்கை பாட்டின் அடையாளத்துக்கு அளவுகோல் ஆகாது.

மேலைத் தத்துவத்தில் நெல்சன் குட்மன் 1968இல், இசைப்படைப்பின் அடையாளத்தை இசைக்குறிப்போடு கட்டினார். ஒரு சுரம் தவறினாலும் அது அந்தப் படைப்பின் நிகழ்வு ஆகாது என்றார். குறிப்பு எழுதி வைக்காமல், கேட்டுக் கேட்டே கைமாறிய பண்ணிசைக்கு இந்த அளவுகோல் உதவாது. குட்மனின் கணக்கில் தேவாரம் ஒருமுறைகூடப் பாடப்பட்டிருக்காது.

மந்திரம் என்று வந்தால் சைவ மரபின் நோக்கு எதிர்பாராத திசையில் போகிறது. செபத்தில் மூன்று நிலைகள் சொல்லப்படுகின்றன: பிறர் கேட்கச் சொல்வது, தன் காதுக்கு மட்டும் கேட்க முணுமுணுப்பது, உதடும் அசையாமல் மனத்துக்குள் நினைப்பது. இவற்றுள் மனத்தால் செய்வதே தலையாயது. ஒலித்தரத்தைப் பெரிதாக எண்ணுவோரின் ஏணியில் மேலே ஏற ஏற எண்கள் கூடும்: 64 கிலோபிட், 128, 320, அதற்கும் மேல் இழப்பில்லாத கோப்பு. செபத்தின் ஏணியில் மேலே ஏற ஏற ஒலி குறைந்து, உச்சியில் ஒலியே இல்லை. பிட் வீதம் பூச்சியமாகும் இடத்தில் மந்திரம் முழுமையடைகிறது. இரண்டு ஏணிகளும் எதிரெதிர் திசையில் சாய்ந்திருக்கும்போது, ஐந்தெழுத்தை உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்தால் பலன் கூடும் என்று நம்புவது ஒன்றின் படிகளை மற்றொன்றில் தேடுவதாகும்.

சைவ சித்தாந்தத்தின் வாக்குக் கொள்கையும் இதையே வேறு வகையில் சொல்கிறது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நான்கு. பிறர் செவிக்கு எட்டுவது கடைசியான வைகரி மட்டுமே. மத்திமை சொல்பவரின் உள்ளுக்குள் எழுத்து வரிசையாக நிற்கும். மற்ற இரண்டும் அதற்கும் நுண்ணியவை. ஒலிவாங்கியால் பிடிக்க முடிவது வைகரியை. கோப்பில் இருப்பதும் வைகரி, மாற்றி சுருக்குவதும் வைகரி. உள்ளேயுள்ள மூன்றும் பதிவாகவே இல்லை என்பதால், எவ்வளவு சுருக்கினாலும் அவை குறைய வழியில்லை. எவ்வளவு விரித்தாலும் அவை வந்து சேரவும் வழியில்லை. மேலும் சித்தாந்தத்தின்படி எழுத்தும் ஒலியும் மாயையின் காரியங்கள், தம்மளவில் அறிவில்லாதவை. அவற்றுக்கு ஆற்றல் வருவது அவற்றை இடமாகக் கொண்டு நிற்கும் சிவசத்தியால். அறிவில்லாத ஒன்றைச் சற்றுக் குறைத்து அடுக்குவதில் இறைவனுக்கு என்ன நட்டம் என்று கேட்டால், சித்தாந்தி மறுக்கச் சிரமப்படுவார்.

பண்ணோடு பாடும் பதிகத்துக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. தேவாரத்தை மனத்துக்குள் நினைத்தால் போதும் என்று மரபு சொல்லவில்லை, பாடச் சொல்கிறது. அங்கே வைகரி வெறும் மேல்தோல் அன்று. இழப்பைப் பற்றிச் சைவம் மிக விரிவாக யோசித்ததும் தேவாரத்தை முன்னிட்டுத்தான்.

திருமுறை கண்ட புராணம் சொல்லும் வரலாறு எல்லாரும் அறிந்தது. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில் பூட்டிய அறையைத் திறந்தபோது ஏடுகளைச் செல் அரித்திருந்தது. சம்பந்தர் 16,000, அப்பர் 49,000, சுந்தரர் 38,000 என ஒரு லட்சத்து மூவாயிரம் பதிகங்கள் பாடியதாகப் புராணக் கணக்கு. கிடைத்தவை எண்ணூறுக்கும் சற்றுக் குறைவு. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எம்பி3 பதினொன்றில் ஒன்றைத் தருகிறது; செல் அதைவிடப் பன்மடங்கு கடுமையாகச் சுருக்கியிருக்கிறது. மன்னன் கலங்கி நிற்க, இந்தக் காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் விட்டுவைத்தோம் என்ற பொருளில் அசரீரி எழுந்ததாகப் புராணம் கூறுகிறது. எண்களை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு சமயம் தன் மூலநூலின் இழப்பை எப்படிச் செரித்துக்கொண்டது என்பதற்கு இது சான்று: எஞ்சியது தற்செயலாக எஞ்சவில்லை, கேட்கப் போகிறவரின் தேவையறிந்து எஞ்சியது என்று அது நம்பியது. கேட்பவரை முன்னிறுத்தி இழப்பை நியாயப்படுத்துவதில் புராண ஆசிரியரும் ஜெர்மன் பொறியாளர்களும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

கதையின் இரண்டாம் பகுதிக்கு அவ்வளவு பேர் கிடைப்பதில்லை. சொல் கிடைத்தபின் பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரை எருக்கத்தம்புலியூரில் கண்டறிந்து, அவரைக் கொண்டு பண்ணடைவு செய்தார்கள். ஏட்டில் இல்லாதது ஒரு பெண்ணின் குரலில் இருந்தது. பிற்காலத்தில் அந்தப் பண்களின் உருவமும் மங்கியது. நட்டபாடையைக் கம்பீரநாட்டையிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும் இன்று ஓதுவார்கள் பாடுகிறார்கள். இந்த இணைகளைச் சரிபார்க்கச் சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்திவந்திருக்கிறது. அதாவது இன்று ஒருவர் கூலாயில் இழப்பில்லாத கோப்பாகப் பாதுகாத்து வைத்திருக்கும் பதிகமே பல மாற்றங்களைத் தாண்டி வந்த வடிவம். மாற்றப்படாத மூலம் ஒன்று எங்கோ இருப்பதாகவும், எம்பி3 அதைக் கெடுத்துவிட்டதாகவும் வருந்துவது தேவாரத்தின் வரலாற்றை மறந்தால்தான் முடியும்.

வேத ஓதலின் விதியைத் தேவாரத்துக்குக் கொண்டுவர நினைப்போர் உண்டு. ஏழாம் நூற்றாண்டினர் எனப்படும் குமாரில பட்டர், எழுத்தைப் பார்த்துக் கற்ற வேதத்தால் அறத்தின் அறிவு பிறக்காது என்கிறார். ஆசிரியரின் வாயிலிருந்தே வர வேண்டும். ஏட்டுக்கு உள்ள தடை கோப்புக்கும் பொருந்தும் என்று வாதிடலாம். ஆனால் அதே வாக்கில் அவர் சூத்திரர் வழியாகக் கற்றதையும் விலக்குகிறார். யாழ்ப்பாணர் குலப் பெண்ணிடம் பண் கேட்டுப் பெற்ற மரபு, இந்த விதியின் ஒரு பாதியை மட்டும் இரவல் வாங்க முடியாது.

எஞ்சி நிற்பது செயலைப் பற்றிய கேள்வி. கருவிக்குள் பாடுகிறவர் யார்? பதிவு செய்த நாளில் ஓர் ஓதுவார் பாடினார். அது அவர் செய்த வழிபாடு. கடற்பாலத்துப் பேருந்தில் அது ஒலிக்கும்போது பாடுகிறவர் எவரும் இல்லை, கேட்கிறவர் மட்டுமே இருக்கிறார். இந்த இடைவெளி விழுந்தது ஒலிவாங்கியின் முன்னால். மாற்றியின் உள்ளே விழவில்லை. 1,411 கிலோபிட் கோப்பில் உள்ள ஓதுவார் 64 கிலோபிட் கோப்பில் உள்ளவரைவிடச் சற்றும் அருகில் இல்லை. கேட்டலைச் சைவமும் வைணவமும் வழிபாட்டின் ஒரு முறையாகவே ஏற்கின்றன. கேட்பவர் கவனித்துக் கேட்டால் அது அவருடைய செயல். பாராயணம் என்ற செயலை அவருக்காகக் கருவி செய்து தர முடியாது.

ஹனஃபி மார்க்கச் சட்ட நூல்கள் இந்த எல்லையைத் துல்லியமாகக் கோடிட்டிருக்கின்றன. குர்ஆனில் சில வசனங்களைக் கேட்டால் சஜ்தா (நெற்றி நிலத்தில் படப் பணிதல்) செய்ய வேண்டும் என்பது விதி. அந்த வசனம் கிளியின் வாயிலிருந்து வந்தாலும், மலையில் பட்டு எதிரொலியாக வந்தாலும் அந்தக் கடமை எழாது என்கின்றன அந்நூல்கள். சொல் சரியாகவே காதில் விழுகிறது. ஓதும் எண்ணத்தோடு ஓதியவர் அந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான் குறை. ஒலிப்பதிவு வந்தபோது அறிஞர் பலர் அதை எதிரொலியின் பக்கம் சேர்த்தார்கள். எதிரொலி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எதிரொலிதான் என்பதால், கோப்பின் தரம் பற்றிய பேச்சே அங்கே எழவில்லை. 1960களின் தொடக்கத்தில் எகிப்திய ஓதுநர் (காரி) மஹ்மூத் கலீல் அல் ஹுசரி குர்ஆன் முழுவதையும் ஒலிப்பதிவு செய்துதந்தபோதும் முதன்மை நோக்கம் சரியான ஓதுமுறையை நிலைநிறுத்துவதும் கற்பிப்பதுமே.

எல்லாச் சமயமும் இப்படி ஓதுபவரைத் தேடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திபெத்தியப் பௌத்தத்தில் மந்திரம் எழுதிய சுருளை உருளைக்குள் வைத்துச் சுழற்றினாலே புண்ணியம். நீரோட்டமும் காற்றும் சுழற்றும் உருளைகளும் உண்டு. அந்த நோக்கில் சீனர் வீட்டுப் பெட்டி எவரும் கேளாமல் ஒலித்தாலும் வீண் இல்லை.

தமிழர் சடங்கிலேயே ஒலிக்கு ஒலி என்ற அளவில் வேலை தரப்படும் இடமும் இருக்கிறது. தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் அப்படிப்பட்டது. அபசகுனமான ஓசை எதுவும் மணமக்கள் காதில் விழாமல் மூடிவிடுவது அதன் வேலை. நாதசுரக் குழு கிடைக்காத திருமணங்களில் அதைப் பதிவிலிருந்து ஒலிக்கவிடுவதை மலேசியாவில் பார்க்கலாம். உரத்த ஒலி மெல்லிய ஒலியை மறைக்கும் என்பதே எம்பி3இன் அடிப்படை விதி. கெட்டிமேளத்தின் அடிப்படையும் அதுவே. தும்மலை மூட 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நாதம் தேவையில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது: தவில்காரர் மணமகன் கையைப் பார்த்து அடிப்பார், கோப்பு பார்க்காது. பொத்தானை அழுத்த ஒருவர் விழிப்போடு நிற்க வேண்டும். தாலிக்கு முன்னே முழங்கிவிட்ட பதிவு, எவ்வளவு தரமானதாக இருந்தாலும், சடங்கின்படி வெறும் சத்தம்.

கோப்பு மறுபடி செயலாகும் இடமும் உண்டு. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளும் தயாராகிறார்கள். ஓதுவார் கிடைக்காத ஊரில் பதிவே வாத்தியார். பிள்ளை ஒரு வரியைக் கேட்டு, நிறுத்தி, தானே பாடிப் பார்க்கும்போது பதிகம் மீண்டும் ஒரு மனிதக் குரலுக்கு வந்துசேர்கிறது. இங்கே தரம் உண்மையிலேயே கணக்கில் வருகிறது. கமகத்தின் நெளிவும், ழகர ளகர வேறுபாடும், ஒற்றெழுத்தின் அழுத்தமும் கேட்க வேண்டும். 128 கிலோபிட்டில் இவை பெரும்பாலும் தப்பிவிடும். கைப்பேசிக் குரல்பதிவுக்கான ஏஎம்ஆர் வடிவத்தில் நொடிக்கு 8,000 அளவுகளே உள்ளதால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. சகரத்தின் சீறலும் மெய்யெழுத்துகளின் கூர்மையும் அங்கே மழுங்கிப்போகும். கேட்டு மகிழப் போதும். கற்கப் போதாது.

மாற்றத்தில் உண்மையாகவே தொலைந்துபோவது ஒலியைவிட அதிகமாக அதன் பெயர்தான். அச்சிட்ட தேவாரப் பதிப்பில் ஒவ்வொரு பதிகத்தின் தலையிலும் தலமும் பண்ணும் குறித்திருக்கும். கேசட்டின் உறையில் பாடியவர் பெயரும் பண்ணும் இருந்தன. அவசரமாக மாற்றிய கோப்பில் ‘டிராக் 07’ என்று மட்டும் இருக்கிறது. எம்பி3இல் விவரம் எழுத ஏற்பட்ட முதல் ஏற்பாடு தலைப்புக்கு 30 எழுத்திடமே தந்தது, தமிழுக்கு அதில் வழியில்லை. பின்னர் யூனிகோடு ஏற்கும் பதிப்பு வந்தும், பழைய கருவிகளில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிவதால் பலர் ஆங்கில எழுத்தில் குத்துமதிப்பாக எழுதிவிடுகிறார்கள். சிலர் எழுதுவதே இல்லை. பண்ணின் உருவம் மங்கிய காலத்திலும் பண்ணின் பெயர் ஏட்டில் நின்றதால்தான் பின்வந்தவர்கள் இணை ராகத்தைத் தேட முடிந்தது. தருமபுரம் சுவாமிநாதன் பாடியது எந்தத் தலத்துப் பதிகம், எந்தப் பண் என்று தெரியாமல் கிடக்கும் இழப்பில்லாத கோப்பைவிட, அந்த விவரங்களோடு கூடிய 96 கிலோபிட் எம்பி3 மரபுக்கு அதிகம் பயன்படும்.

மாற்றிய பின் பழைய கோப்பை அழிப்பது பாவமா என்ற ஐயமும் சிலருக்கு வருகிறது. சுவடி மரபில் இதற்கு முன்மாதிரி உண்டு: பழைய ஏட்டைப் படியெடுத்தபின் மூலத்தை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது வழக்கமாக இருந்தது. படியெடுக்காமலே விட்டுத் தொலைந்த நூல்களும் இருந்தன என்பதை உ.வே. சாமிநாதையரின் தலைமுறை வேதனையோடு பதிவு செய்தது. ஏடு கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து. அதற்குப் பூசை உண்டு. கோப்போ கருவி இயங்காதவரை ஒலியும் அன்று, எழுத்தும் அன்று, ஒலி பிறப்பதற்கான ஏற்பாடு மட்டுமே. கைப்பேசியில் குர்ஆன் இருந்தால் அந்தக் கைப்பேசி முஸ்ஹஃப் (குர்ஆன் நூற்பிரதி) ஆகிவிடாது, ஒளூ என்ற உடல் தூய்மை இல்லாமலும் தொடலாம் என்று மார்க்க அறிஞர் பலர் கூறுவதும் இந்த அடிப்படையில்தான். ஆகவே அழிப்பதில் தோஷம் பார்க்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது முறையை: கேசட்டிலிருந்தோ குறுந்தட்டிலிருந்தோ முதலில் இழப்பில்லாத வடிவில் ஒரு படி எடுத்து, தலமும் பண்ணும் பாடியவர் பெயரும் எழுதி வைத்து, கருவிக்கு வேண்டிய சுருக்கத்தை அந்தப் படியிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக எடுப்பது. சுருக்கியதிலிருந்து சுருக்குபவர், ஏட்டை ஆற்றில் விட்டுவிட்டுப் படியெடுக்க உட்கார்ந்தவர்.